"புள்ளத்தாச்சின்னா அப்படித்தான்" – எது வரைக்கும்? கர்ப்ப காலக் களைப்பும் தூக்கமின்மையும்

"காலையில எந்திரிக்கும்போதே உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ராத்திரி படுத்தா தூக்கமும் வரல. யார்கிட்ட சொன்னாலும், புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்க."

கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். "நாங்கல்லாம் நாத்து நட்டுக்கிட்டே புள்ள பெத்தோம்" என்று மாமியார் சொல்லுவார். கூட வேலை செய்பவர்கள், "இன்னும் ரெண்டு மாசம்தானே, பொறுத்துக்கோ" என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கர்ப்ப காலத்தில் களைப்பு வருவது இயல்புதான். ஆனால் எல்லாக் களைப்பும் இயல்பானது அல்ல. சில களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். சில களைப்பு ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். இன்னும் சில களைப்புக்குக் காலை விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பாடம். கர்ப்பிணிகள் மட்டுமல்ல, அவர்களுடைய கணவர், மாமியார், அம்மா எல்லோரும் படிக்கலாம்.

களைப்பு ஏன் வருகிறது?

முதல் மூன்று மாதம்: கருவைத் தாங்குவதற்காக புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடம்பில் அதிகமாகச் சுரக்கிறது. அதற்குத் தூக்கம் வரவழைக்கும் குணம் உண்டு. அதனால்தான் வயிறே தெரியாத நாளிலும் கண்ணைச் சொருகுகிறது. வாந்தி, குமட்டலால் சாப்பாடும் சரியாக இறங்காது. வெளியே ஒன்றும் தெரியாததால், "சும்மா படுத்தே கிடக்கா" என்ற பேச்சும் இந்த மாதங்களில்தான் அதிகம் வரும்.

நான்கு முதல் ஆறு மாதம்: பலருக்கு உடம்பு கொஞ்சம் தேறும் காலம் இது. வாந்தி குறையும், பசி எடுக்கும். இந்த மாதங்களிலும் படியேறினால் மூச்சு வாங்குகிறது, நின்றால் தலை சுற்றுகிறது என்றால் அதைக் கவனிக்க வேண்டும்.

கடைசி மூன்று மாதம்: வயிற்றின் பாரம், நெஞ்செரிச்சல், அடிக்கடி சிறுநீர், கால் பிடிப்பு, குழந்தையின் உதை, பிரசவத்தை நினைத்துப் பயம் என்று எல்லாம் சேர்ந்து தூக்கத்தைக் கெடுக்கும்.

இதற்கு நடுவே உடம்புக்குள் இன்னொரு பெரிய வேலையும் நடக்கிறது. கர்ப்பிணியின் உடம்பில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இவ்வளவு ரத்தம் ஊறவும், குழந்தையும் நஞ்சுக்கொடியும் வளரவும் நிறைய இரும்புச்சத்து வேண்டும். அது கிடைக்காவிட்டால் ரத்தசோகை வரும். கர்ப்பிணிகளின் தீராத களைப்புக்கு முக்கியமான காரணம் இதுதான்.

உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு?

உங்கள் செல்போன் எண்ணைக் கேட்டால் உடனே சொல்லுவீர்கள். கர்ப்பிணியாக இருந்தால் ஹீமோகுளோபின் அளவையும் அதே மாதிரி சொல்லத் தெரிய வேண்டும்.

- 11 அல்லது அதற்கு மேல்: ரத்தசோகை இல்லை.
- 10 முதல் 10.9 வரை: லேசான ரத்தசோகை.
- 7 முதல் 9.9 வரை: நடுத்தர ரத்தசோகை. சிகிச்சை கட்டாயம் வேண்டும்.
- 7-க்குக் கீழே: கடுமையான ரத்தசோகை. மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும்.

(அளவு 100 மி.லி. ரத்தத்தில் இத்தனை கிராம் என்ற கணக்கில்.)

2019-21ல் நடந்த 5-வது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 48.3 சதவீதம். அதாவது பரிசோதனைக்காக வரிசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு. அந்த ஒருவரிடம், "அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்று சொல்வது எவ்வளவு பெரிய தவறு என்று யோசித்துப் பாருங்கள்.

ரத்தசோகை களைப்போடு நின்றுவிடுவதில்லை. குறைமாதப் பிரசவத்துக்கும், குழந்தை எடை குறைவாகப் பிறப்பதற்கும் அது காரணமாகலாம். பிரசவத்தின்போது எல்லோருக்கும் ரத்தம் போகும். 12 இருப்பவர் அதைத் தாங்கிக்கொள்வார். 7 இருப்பவருக்கு அதே அளவு ரத்தம் போனால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரை வாங்கினால் போதாது

நான்காவது மாதத்திலிருந்து தினமும் ஒரு இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படுகிறது. ஒரு மாத்திரையில் 60 மி.கி. இரும்புச்சத்து இருக்கிறது. கர்ப்ப காலத்தில் குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டும். ரத்தசோகை இருந்தால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். மாத்திரைக்குப் பலன் தெரியாவிட்டால், மருத்துவமனையில் வைத்து ரத்த நாளம் வழியாகவும் இரும்புச்சத்து ஏற்றுவார்கள். பயப்பட வேண்டியதில்லை.

பல வீடுகளில் இந்த மாத்திரை அட்டை பிரிக்காமலே பீரோவில் இருக்கும். "வாயெல்லாம் இரும்பு வாடை அடிக்குது", "மலம் கறுப்பா போகுது", "மலச்சிக்கல் ஆகுது" என்று நிறுத்திவிடுவார்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால் வருவது, கெடுதல் இல்லை. மற்றவற்றுக்கு வழி இருக்கிறது.

1. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். குமட்டல் குறையும்.
2. மாத்திரையோடு எலுமிச்சைச் சாறு குடிக்கலாம், அல்லது ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யாத் துண்டு சாப்பிடலாம். இவற்றில் உள்ள வைட்டமின் சி, இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும்.
3. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி, பால் வேண்டாம். பாலோடு மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் இன்றே மாற்றுங்கள்.
4. கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள். காலை டிபனோடு ஒரு கால்சியம், மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து இரும்புச்சத்து, இரவுச் சாப்பாட்டோடு இன்னொரு கால்சியம் என்று பிரித்துக்கொள்ளலாம்.
5. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, பழம், கொஞ்சம் நடை. அப்படியும் சரியாகவில்லை என்றால் மாத்திரையை நிறுத்தாமல் செவிலியரிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. "பீட்ரூட்டும் மாதுளையும் சாப்பிடு, ரத்தம் ஊறும்" என்பார்கள். சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் சிவப்பாக இருப்பதில் எல்லாம் இரும்புச்சத்து அதிகம் என்று அர்த்தம் இல்லை. கீரை, பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, கம்பு, முட்டை, மீன், இறைச்சி இவையெல்லாம் அடிக்கடி தட்டில் இருக்கட்டும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாமல் கர்ப்பிணியே சாப்பிட வேண்டும். இதெல்லாம் மாத்திரையோடு சேர்த்துத்தான், மாத்திரைக்குப் பதிலாக இல்லை.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் களைப்பு தீரவில்லை என்றால், தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரைக்கு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். "இனிப்புத் தண்ணி குமட்டுது" என்று அந்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

ராத்திரித் தூக்கம்: ஒவ்வொரு தொந்தரவுக்கும் ஒரு வழி

எப்படிப் படுப்பது? 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்க வேண்டாம். கனமான கர்ப்பப்பை, முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். ஒருக்களித்துப் படுங்கள். இடது பக்கம் நல்லது, வலது பக்கம் திரும்பிவிட்டாலும் தப்பில்லை. நடுராத்திரி விழித்துப் பார்க்கும்போது மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம். திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும்.

கர்ப்பிணித் தலையணை என்று கடையில் விற்பதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. பழைய போர்வையைச் சுருட்டி இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று, வயிற்றுக்கு அடியில் மெல்லிய மடிப்பாக ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று வையுங்கள். பாயில் படுப்பவர்களுக்கும் இது பொருந்தும். எழும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். முதுகுவலி குறையும், தலைச்சுற்றலும் வராது.

நெஞ்செரிச்சல்: இரவுச் சாப்பாட்டை 7, 7.30 மணிக்குள் முடியுங்கள். படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரே நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். ராத்திரியில் காரம், புளி, எண்ணெய்ப் பலகாரம் குறையட்டும். தலைப்பக்கம் சற்று உயரமாக இருக்கட்டும்.

அடிக்கடி சிறுநீர்: இதற்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரைக் குறைக்காதீர்கள், முக்கியமாக வெயில் காலத்தில். பகலில் நன்றாகக் குடியுங்கள். படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி எழுந்து போகும் வழியில் சின்ன விளக்கு எரியட்டும், வழியில் வாளியோ செருப்போ கிடக்க வேண்டாம். சிறுநீர் போகும்போது எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் அது தொற்று. சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும்.

கெண்டைக்கால் பிடிப்பு: தூக்கத்தில் திடீரென்று கால் நரம்பு இழுத்துப் பிடிக்கும். உடனே காலை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கமாக மடக்குங்கள். கை எட்டாவிட்டால் பக்கத்தில் படுத்திருப்பவர் பாதத்தைப் பிடித்து மெதுவாகத் தள்ளலாம். படுக்கும் முன் சுவரைப் பிடித்து நின்று கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சியும் உதவும். ஒரே காலில் மட்டும் வீக்கம், சூடு, வலி தொடர்ந்து இருந்தால் அது பிடிப்பு அல்ல. தடவிவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

காலில் எறும்பு ஊருகிற மாதிரி உணர்வு: படுத்ததும் காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. "இதையெல்லாமா டாக்டர்கிட்ட சொல்றது?" என்று விடாதீர்கள், சொல்லுங்கள்.

மனசு ஓயாமல் ஓடுவது: பிரசவம், பணம், மூத்த குழந்தை, வேலை என்று எல்லாக் கவலையும் விளக்கை அணைத்ததும்தான் வரும். 20, 30 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையில் புரண்டுகொண்டே இருக்காமல் எழுந்து உட்காருங்கள். மங்கலான வெளிச்சத்தில் துணி மடிப்பது, மெதுவாக மூச்சை இழுத்து விடுவது என்று ஏதாவது செய்துவிட்டுத் தூக்கம் வரும்போது படுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கவே கூடாது. நாட்டு மருந்து, சூரணம் என்றாலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

பகலில் செய்வது ராத்திரிக்கு உதவும்

- மதியம் 20 முதல் 30 நிமிடம் குட்டித் தூக்கம் போடலாம். மூன்று மணிக்கு மேல் தூங்கினால் ராத்திரித் தூக்கம் தள்ளிப்போகும்.
- மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை தினமும் அரை மணி நேரம் நடக்கலாம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக. களைப்பாக இருக்கும்போது நடப்பதா என்று தோன்றும். நடந்தவர்களுக்குத்தான் நல்ல தூக்கம் வரும்.
- டீ, காபி ஒரு நாளைக்கு இரண்டு சின்ன டம்ளருக்கு மேல் வேண்டாம். மாலை நான்கு மணிக்கு மேல் அதுவும் வேண்டாம்.
- நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள், மணிக்கு ஒரு முறையாவது உட்கார இடம் கேளுங்கள். மேற்பார்வையாளரிடம் கேட்கத் தயங்கினால், மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள்.

செல்போனைத் துணையாக மாற்றுங்கள்

தூக்கம் வரவில்லை என்று போனை எடுக்கிறோம். ஒரு வீடியோ, இன்னொரு வீடியோ என்று மணி ஒன்றாகிவிடுகிறது. திரையின் வெளிச்சம் மூளையிடம் இன்னும் பகல்தான் என்று சொல்லும். அதைவிட மோசம், ராத்திரி நேரத்தில் கண்ணில் படும் பிரசவக் கதைகள். ஆகவே படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனைக் கைக்கு எட்டும், ஆனால் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். அவசரத்துக்கு வேண்டும் என்பதால் அணைக்க வேண்டாம். அமைப்புகளில் 'தொந்தரவு செய்யாதே' வசதியைப் போட்டு, வீட்டாரின் அழைப்பு மட்டும் வரும்படி வைக்கலாம்.

அதே போன் பகலில் இந்த வேலைகளைச் செய்யட்டும்:

1. அலாரம்: இரும்பு மாத்திரைக்கு ஒன்று, கால்சியத்துக்கு இரண்டு.
2. புகைப்படம்: ஒவ்வொரு பரிசோதனைச் சீட்டையும், தாய்-சேய் நல அட்டையின் பக்கங்களையும் படம் எடுத்துத் தனியாக ஒரு ஆல்பத்தில் வையுங்கள். நள்ளிரவில் வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும் காட்டலாம்.
3. பதிவு: பிக்மி இணையதளத்தில் கர்ப்பத்தை நீங்களே முன்பதிவு செய்யலாம், அல்லது சுகாதார செவிலியரிடம் நேரில் பதியலாம். பிறகு கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும், பின்னாளில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் தேவை.
4. எண்கள்: 108 அவசர ஊர்தி. 104 மருத்துவ ஆலோசனை. 14416 மனநல ஆலோசனை. 181 பெண்கள் உதவி மையம். இவற்றோடு உங்கள் பகுதி சுகாதார செவிலியரின் எண்ணையும் சேருங்கள். உங்கள் போனில் மட்டுமல்ல, கணவர், மாமியார் போனிலும்.
5. நாள்: ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி, பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவரின் இலவசப் பரிசோதனை உண்டு. நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கர்ப்பிணியின் களைப்பைத் தீர்க்கும் மருந்தில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. தண்ணீர்க் குடம் தூக்குவது, துணி துவைப்பது, மூத்த பிள்ளையை ராத்திரி எழுந்து பார்ப்பது – இவற்றில் ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சத்தைச் சாப்பிடுபவராக அவர் இருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் நாற்று நட்டுக்கொண்டே பிள்ளை பெற்றார்கள் என்பது உண்மை. பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவர்களும் அந்தக் காலத்தில் நிறையப் பேர் என்பதும் உண்மை. அந்தக் காலத்து மனுஷிகளிடம் கேட்டால் அவர்களே சொல்லுவார்கள்.

குறட்டையையும் நீங்கள்தான் கவனிக்க முடியும். கர்ப்பிணி புதிதாகச் சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு.

இரண்டு வாரமாக முகம் வாடி, எதிலும் பிடிப்பில்லாமல், அழுதுகொண்டே, தூக்கமே இல்லாமல் இருந்தால் அது "சோம்பேறித்தனம்" இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம். 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். வீட்டில் மிரட்டலோ அடியோ இருப்பதால் தூக்கம் வரவில்லை என்றால் 181-ஐ அழையுங்கள்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

களைப்போடு இவற்றில் எது இருந்தாலும் ராத்திரி 2 மணி என்றாலும் 108-ஐ அழையுங்கள்:

- தீராத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மேல்வயிற்றில் வலி. ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம், வலிப்பில் கொண்டுபோய் விடலாம்.
- உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம்.
- ரத்தப்போக்கு, நீர் உடைவது, வலிப்பு, கடும் காய்ச்சல்.
- குழந்தையின் அசைவு குறைவது. 28 வாரத்துக்குப் பிறகு உங்கள் குழந்தையின் வழக்கம் உங்களுக்கே தெரியும். குறைந்த மாதிரி தோன்றினால் இடது பக்கமாகப் படுத்துக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவுகூட இல்லை என்றால் உடனே கிளம்புங்கள். அசைவே தெரியவில்லை என்றால் இரண்டு மணி நேரம்கூடப் பார்க்க வேண்டாம்.

உள்ளங்கை, உள்ளங்கால் ராத்திரியில் கடுமையாக அரித்துத் தூக்கத்தைக் கெடுத்தால், மறுநாளே மருத்துவரைப் பாருங்கள். கல்லீரல் சம்பந்தப்பட்ட கோளாறாக இருக்கலாம்.

இந்த வாரப் பயிற்சி

ஏழு நாள், தினமும் காலையில் போனில் நான்கு வரி எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினேன்? எதனால் விழித்தேன்? மாத்திரை போட்டேனா? இன்றைய களைப்புக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண்? அடுத்த பரிசோதனையில் "களைப்பா இருக்கு" என்று மட்டும் சொல்லாமல் இந்தக் குறிப்பைக் காட்டுங்கள். மருத்துவருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இப்போது மூன்று கேள்விகள். பதில் தெரியாவிட்டால் அடுத்த முறை சுகாதார நிலையத்துக்குப் போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்:

1. கடைசியாகப் பார்த்தபோது என் ஹீமோகுளோபின் எவ்வளவு?
2. அடுத்து எப்போது பார்க்க வேண்டும்?
3. ராத்திரியில் அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குப் போவது, கூட வருவது யார்?

இனிமேல் யாராவது, "புள்ளத்தாச்சின்னா அப்படித்தான்" என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். "சரிங்க, ஆனா எனக்கு எட்டரைதான் இருக்கு, டாக்டர் பார்க்கச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.